வியாழக்கிழமைப் பத்தி

ராணாகாட்
6 ஜூன் 1988, திங்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

மினுவின் வணக்கம். இந்த வாரப் பத்தியை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கு பக்கம் வந்திருக்கிறது. மூன்றாவது பக்கத்தில் கூரை ஒழுகி ஒரு வரி கலைந்துவிட்டது, அதற்கு மேலேயே திருப்பி எழுதியிருக்கிறேன். அச்சுக் கோர்ப்பவர் குழம்பிவிடாமல் பார்த்துக்கொள்.

சனிக்கிழமை காளிகாட் யூனியன் கால்பந்து ஆட்டத்துக்குப் போயிருந்தேன். அவர்களுடைய இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் இரண்டாம் பாதி முழுக்க இடது காலால் ஒரு தடவைகூடப் பந்தைத் தொடவில்லை. அடிபட்டதை மறைத்துக்கொண்டு ஆடுகிறான். நேற்று வாசகசாலையில் எல்லாப் பத்திரிகையும் புரட்டிப் பார்த்தேன், ஒன்றிலும் அது இல்லை. அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அம்மாவின் முட்டி வீக்கம் அப்படியே இருக்கிறது. கண் புரையும் முற்றிக்கொண்டு வருகிறது. வியாழக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "பேப்பர் எங்கடி? என் பிள்ளை என்ன எழுதியிருக்கான், படி" என்று ஆரம்பித்துவிடுகிறாள். நானும் படித்துக் காட்டுகிறேன். போன வாரம் கேட்டு முடித்துவிட்டு, "ஒரு நாள்கூடப் பந்த ஒதைக்காத பய. எங்கேருந்துடி இவனுக்கு இம்புட்டுக் கண்ணு?" என்றாள். சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓட வேண்டியதாயிற்று.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை லோகமித்ரா பேப்பரின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு விளம்பரம் வந்ததே, பார்த்தாயா? உங்கள் ஆபீஸ் துர்க்கா பூஜையிலிருந்து புதிதாக விளையாட்டு வார இதழ் தொடங்கப் போகிறதாம். அதற்குத் துணை ஆசிரியர் தேவை, களத்தில் ஆடியவர்களுக்கு முன்னுரிமை என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வங்காள அணிக்கு நாலு வருஷம் ஆடியவள் நான். இப்போது ஏழாம் வகுப்புப் பெண்களுக்கு விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பம் போடலாமா? உன்னைக் கேட்காமல் நான் எதையும் செய்ததில்லை. அங்கேயே வேலை செய்கிற நீயே இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே என்பதுதான் கொஞ்சம் வருத்தம். மறந்திருப்பாய். வீட்டுக்கு வருவதையே சரஸ்வதி பூஜையோடு மறந்துவிட்டாய், அதற்கு இது பரவாயில்லை.

அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்
மினு


கல்கத்தா
10 ஜூன் 1988

பிரியமுள்ள மினுவுக்கு,

பத்தி கிடைத்தது, அச்சாகியும்விட்டது. ஒரு விஷயம் கேள். நேற்று மத்தியானம் காளிகாட் யூனியன் பயிற்சியாளரே ஆபீசுக்கு போன் செய்தார். "பரிமல் பாபு, பையன் கால்ல அடின்னு எனக்கே சொல்லல. கேலரியில உக்காந்துக்கிட்டு நீங்க எப்படிய்யா கண்டுபிடிச்சீங்க?" என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

விளம்பரம் பார்த்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், வேலை மும்முரத்தில் விட்டுப்போயிற்று. ஆனால் மினு, நீ வெளியிலிருந்து பார்க்கிறாய். எங்கள் ஆபீசின் இரண்டாம் மாடியை நீ பார்த்ததில்லை. பனியனோடு உட்கார்ந்து புரூப் பார்க்கிறவர்கள், வாயைத் திறந்தால் வசவு, எங்கே பார்த்தாலும் வெற்றிலை எச்சில். பெண்களுக்கு என்று ஒரு கழிப்பறைகூடக் கிடையாது. டெலிபோன் எடுக்கிற பெண் எதிர்த்த வங்கிக்குப் போய்வருகிறாள். தினமும் ராணாகாட்டிலிருந்து சியால்தா ஸ்டேஷன் வந்து திரும்பினால் நாலு மணி நேரம் ரயிலிலேயே போய்விடும். அம்மாவை யார் பார்ப்பார்கள்? பென்ஷன் வருகிற வேலையை விட்டுவிட்டு, நாளைக்கே மூடிவிடக்கூடிய ஒரு வார இதழுக்கு வருவதா?

வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாக யோசி என்கிறேன். இதில் அவசரம் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த வாரப் பத்தியில் மழைக்கால மைதானங்களைப் பற்றி எழுதேன். வாசகர்கள் கேட்கிறார்கள்.

அன்புடன்
பரிமல்


ராணாகாட்
13 ஜூன் 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ கேட்டபடி மழைக்கால மைதானத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டாம் மாடியைச் சொல்லி என்னைப் பயமுறுத்துகிறாயா? பதினாலு பெண்கள் ஒரே பெட்டியில் நின்றபடி லக்னோ வரைக்கும் போனோம். போன இடத்தில் உடை மாற்ற அறை இல்லாமல், நாலு பேர் சேலையைப் பிடித்துக்கொள்ள நடுவில் நின்று மாற்றிக்கொண்டோம். வெளியே ஆயிரம் பேர் விசிலடித்தார்கள். உங்கள் ஆபீஸ்காரர்களின் பனியன் என்னை என்ன செய்துவிடும்? ரயில் நேரம் எல்லாம் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் சந்தியா அக்கா பகலில் அம்மாவோடு இருக்கச் சம்மதித்துவிட்டாள்.

இடிக்கிறது வேறு ஒன்று. விண்ணப்பத்தோடு அச்சில் வந்த மூன்று கட்டுரைகளை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று தகரப்பெட்டியைத் திறந்து கட்டைப் பிரித்தேன். ஒன்பது வருஷம், ஏறக்குறைய நானூறு பத்திகள். நீ மஞ்சள் காமாலையிலும் நான் முழங்கால் மாவுக்கட்டிலும் எதிரெதிர்க் கட்டிலில் கிடந்தோமே, அப்போது, "ரெண்டே ரெண்டு வாரம் எழுதிக் குடுடி, வேலை போயிடும்" என்றாய். அந்த முதல் பத்திகூட இருக்கிறது. ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு எழுதினேன். எல்லாவற்றின் தலையிலும் 'பரிமல் குஹா' என்றே இருக்கிறது. என்னிடம் வைக்க ஒன்றுமே இல்லை, அண்ணா.

அவற்றை வைக்க மாட்டேன். உனக்குத் தலைகுனிவு வரும்படி எதையும் செய்ய மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். தலைமை ஆசிரியருக்கு நீ இரண்டு வரி எழுதிக் கொடு. 'என் தங்கை, என் பத்திக்கு நீண்ட காலமாக உதவி செய்திருக்கிறாள்' என்று. உதவி என்று போட்டால் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

பதில் சீக்கிரம் போடு. இருபத்திரண்டாம் தேதிதான் கெடு.

மினு


கல்கத்தா
17 ஜூன் 1988

அன்பு மினு,

உன் கடிதத்தை ஆபீசில் பிரித்தேன், உடனே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். தயவுசெய்து இந்த மாதிரி விஷயங்களை ஆபீஸ் விலாசத்துக்கு எழுதாதே. பத்தியைத் தவிர வேறு எதுவும் இங்கே வர வேண்டாம்.

உன்னிடம் மறைக்கக் கூடாது. அந்த வார இதழின் ஆசிரியர் பதவிக்கு நான் கேட்டிருக்கிறேன். பதினேழு வருஷமாக இந்த நாற்காலியிலேயே தேய்ந்துகொண்டிருக்கிறேன். இப்போதுதான் ஒரு கதவு திறக்கிறது. அவர்கள் என்னைப் பரிசீலிப்பதே இந்தப் பத்திக்காகத்தான். 'உதவி' என்று நான் எழுதிக் கொடுத்தால் தலைமை ஆசிரியர் நிஷித் பாபு, "எவ்வளவு உதவி?" என்று கேட்பார். அந்த மனிதர் கேட்காமல் விடமாட்டார். அதற்கு நான் என்ன சொல்ல? பதவி போகட்டும், இருக்கிற வேலையும் போகும். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஷிபானி எங்கே போவாள்?

அப்பா உன் பூட்ஸைக் குளத்தில் வீசியது நினைவிருக்கிறதா? மூச்சுத்திணறல்காரன் நான், மார்கழிக் குளிரில் முங்கி எடுத்து வந்தேன். அப்புறம் ஒரு வாரம் படுத்துவிட்டேன். தெருவே, "பொண்ணப் பந்தாட விடுறானுங்க" என்று சிரித்தபோது உன்னை சைக்கிளில் வைத்து மைதானத்துக்குக் கொண்டுபோனவன் யார்? இதையெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாதுதான். நீ சொல்ல வைக்கிறாய்.

நீ விண்ணப்பம் போட்டே தீர வேண்டும் என்றால் போடு. கட்டுரைகள் இல்லாமல், ஆடியதை மட்டும் எழுதிப் போடு. என் பெயர் எங்கேயும் வர வேண்டாம். குஹா என்று ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இந்த வாரப் பத்தி திங்கட்கிழமையே கிளம்பிவிடட்டும். போன தடவை புதன் மாலைதான் கைக்கு வந்தது.

பரிமல்


ராணாகாட்
27 ஜூன் 1988

அண்ணாவுக்கு,

பத்தி உள்ளே இருக்கிறது.

போன திங்கட்கிழமை பத்தியோடு ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பினேன். கோபம் இல்லை. நீ அந்தப் பதவிக்குக் கேட்டிருப்பதை நான் எழுதிக் கேட்ட பிறகுதானே சொன்னாய், அதை நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு அது கிடைக்கட்டும். மனதாரச் சொல்கிறேன். ஆசிரியர் நீ, துணை ஆசிரியர் நான் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு அப்படி ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா?

விண்ணப்பம் போட்டுவிட்டேன். நீ சொன்னபடிதான். வங்காள அணி, பதக்கங்கள், முழங்கால், பள்ளி வேலை. உன் பெயர் இல்லை. மினு வீட்டுக்குத்தானே, பூரபி குஹா என்ற பள்ளிப் பெயரைத்தான் போட்டேன். 'எழுதியவை' என்ற இடத்தில் கோடு கிழித்தேன். கோடு போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. வேறு தாள் வாங்கி முழுவதையும் மறுபடி எழுதினேன்.

கட்டுரையே இல்லாமல் கூப்பிடமாட்டார்கள் என்றுதான் இருந்தேன். கூப்பிட்டுவிட்டார்கள். இன்று காலை கடிதம் வந்தது. ஜூலை எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, பதினோரு மணி. அங்கேயே உட்கார வைத்து எழுதச் சொல்லிப் பார்ப்பார்களாம். அதைவிட நல்லது எனக்கு வேறு இல்லை.

அம்மாவிடம் வேலை விஷயத்தைச் சொன்னேன். "முப்பத்தேழு வயசுல உனக்கு என்னடி புது ஆசை?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் இருக்கிற எடந்தானே? அவன் ஒரு வார்த்த சொன்னா கொடுத்துடுவாங்க" என்றாள்.

மினு


ராணாகாட்
10 ஜூலை 1988, ஞாயிறு

அண்ணாவுக்கு,

வெள்ளிக்கிழமை அந்த அறையில் நடந்தது உனக்கும் தெரியும். கடைசிக் கால்மணி நேரம் நீயும் இருந்தாய். இருந்தாலும் முழுவதையும் எழுதுகிறேன். பின்னால் நீ அதை வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்ளக் கூடாது.

பத்தே முக்காலுக்குப் போய்விட்டேன். பத்துப் பேர் காத்திருந்தார்கள், நான் ஒருத்திதான் பெண். என்னை உள்ளே கூப்பிட்டபோது நிஷித் பாபுவும் நிர்வாக இயக்குநரும் இன்னொருவரும் இருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நிஷித் பாபு, "நீங்க ஆடி நான் பாத்திருக்கேன். கட்டாக்குல. வலப்பக்கம் ஓடுவீங்களே" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் அதை என்னிடம் சொன்ன முதல் ஆள்.

பிறகு ஒரு தாளைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் எந்த ஆட்டத்தைப் பற்றியாவது எழுதச் சொன்னார்கள். காளிகாட் யூனியனின் போன வார ஆட்டத்தை எழுதினேன். நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டேன். இரண்டாவது பாராவில், 'கட்டாக்கில் அரையிறுதியில் இதே கோணத்தில் வந்த பந்தை நான் தடுத்தபோது என் முழங்கால் திரும்பிக்கொண்டது. அந்தப் பையன் தயங்கியதன் காரணம் எனக்குத் தெரியும்' என்று எழுதினேன். அப்படி ஒரு வரியை எழுத ஒன்பது வருஷம் காத்திருந்தேன், அண்ணா. உன் பெயரில் வருகிற பத்தியில் 'என் கால்' என்று எழுத முடியாது. நீ ஆடியதில்லை. நானூறு தடவை என் காலை வெட்டி எடுத்துவிட்டுத்தான் உனக்கு அனுப்பினேன்.

அவர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். நிர்வாக இயக்குநர் முதலில் சிரித்தார். "என்னம்மா இது? அப்படியே நம்ம பரிமல்." நிஷித் பாபு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "குஹா... பரிமல் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நான் பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை. "கூடப் பிறந்த அண்ணன்" என்றேன். உடனே உனக்கு ஆள் அனுப்பினார்கள்.

நீ வந்தாய். என்னைப் பார்க்கவில்லை. நின்றபடியே அந்தத் தாளைப் படித்தாய், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். இரண்டாவது பாரா வந்தபோது உன் உதடு அசைந்தது, பார்த்தேன். நிஷித் பாபு, "என்ன பரிமல், தங்கச்சி உங்களக் காப்பியடிக்கிறாங்களா?" என்று கேட்டார். நீ சிரித்தாய். "சின்னதுலேருந்து என் எழுத்தப் படிச்சே வளந்தவ சார். வரி வரியா மனப்பாடம். தப்பா எடுத்துக்காதீங்க. பழகினா சொந்தமா வந்துடும்" என்றாய்.

சொந்தமா வந்துடும்.

நீ எப்போது கட்டாக்கில் பந்தைத் தடுத்தாய், அண்ணா?

அதற்கு அப்புறம் நிஷித் பாபு என்னிடம் பேசியது நல்ல மனதோடுதான். "உங்ககிட்ட ஆட்டம் இருக்கு. ஆனா இன்னொருத்தர் கண்ணால பாக்கறத விடுங்க. ரெண்டு வருஷம் உங்க மாதிரியே எழுதிப் பாத்துட்டு வாங்க" என்றார். நான் தலையாட்டினேன். இப்போதும் அந்த இடத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது, நான் தலையாட்டியதை நினைத்து. நீ ஒரு சொல் சொல்வாய் என்று கடைசி வரைக்கும் காத்திருந்தேன். நானும் வாயைத் திறந்திருக்கலாம். ஷிபானி அண்ணியின் முகம் குறுக்கே வந்தது.

கீழே இறங்கியபோது நல்ல மழை. பியூனிடம் உன் குடையைக் கொடுத்தனுப்பியிருந்தாய். நீ இறங்கி வரவில்லை. குடையைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே டிராமுக்குப் போனேன்.

இத்துடன் பத்தி இல்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

மினு


கல்கத்தா
14 ஜூலை 1988

அன்பு மினு,

உன் கடிதத்தை முழுவதும் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நான் என்ன சொல்லியிருக்க முடியும், சொல். நிர்வாக இயக்குநர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் என் பதவி விஷயம் குழுவுக்குப் போகிறது. 'இல்லை சார், நான்தான் அவளைக் காப்பியடிக்கிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லியிருக்க வேண்டும்தான். அது எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? ஒரு நிமிஷத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். உன்னைத் தாழ்த்த வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்கள் உன்னைத் தாழ்வாக நினைக்கவும் இல்லை. நீ போன பிறகு நிஷித் பாபு உன்னை நல்ல பெண் என்றார்.

இன்று வியாழக்கிழமை. பத்தி வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் ஒரு படத்தைப் போட வைத்தேன். ஒரு வாரம் சமாளிக்கலாம். அடுத்த வாரம் அனுப்பிவிடு. என் மேல் உள்ள கோபத்தை அதன் மேல் காட்டாதே. வாசகர்கள் உனக்கு என்ன செய்தார்கள்?

அண்ணன்
பரிமல்


கல்கத்தா
22 ஜூலை 1988

மினு,

பத்தியும் இல்லை, பதிலும் இல்லை. இந்த வாரப் பத்தியை நானே எழுதினேன். பார்த்திருப்பாய்.

உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்? சனிக்கிழமை பத்திரிகையாளர் பகுதியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கண்ணைச் சிமிட்டாமல் தொண்ணூறு நிமிஷம் பார்த்தேன். இருபத்திரண்டு பேர் ஓடினார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒருவன் ஏன் நின்றான், இன்னொருவன் ஏன் திரும்பினான், ஒன்றும் தெரியவில்லை. முன்பெல்லாம் இப்படி இல்லை என்று நினைக்கிறேன். இல்லை, அதுகூட நிச்சயமில்லை. வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். எழுதிய எல்லா வரியிலும் எப்போதோ நீ எழுதியதுதான் வந்தது. ஆபீசில் படித்துவிட்டு, "காய்ச்சல் இன்னும் விடல போல, பரிமல்" என்றார்கள்.

இப்போது நல்ல செய்தி. ஆசிரியர் பதவி எனக்குக் கிடைத்துவிட்டது. நேற்று ஆணை வந்தது. இன்னொன்றும் கேள். துணை ஆசிரியராக எடுத்த ஆள் வேறு பத்திரிகைக்குப் போய்விட்டான். அந்த இடம் காலியாக இருக்கிறது. இனி ஆளை எடுப்பவன் நான். நிஷித் பாபுவிடம் பேசிவிட்டேன், அவருக்கு ஆட்சேபம் இல்லை. "அண்ணனும் தங்கச்சியும் ஒரே எழுத்து, நல்லதாப் போச்சு" என்று சிரித்தார்.

நீ வா. என் பக்கத்து மேசை உனக்கு. ஆட்டச் செய்தி, ஆட்டக்காரர் பேட்டி, பெண்கள் பந்தாட்டத்துக்கு ஒரு பக்கம், எல்லாம் உன் பெயரிலேயே போடுகிறேன். சத்தியம். வியாழக்கிழமைப் பத்தி மட்டும் வார இதழுக்கு மாறுகிறது. அது என் பெயரிலேயே இருக்கட்டும். வாசகர்களுக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது, திடீரென்று மாற்றினால் கேள்வி வரும். கொஞ்ச நாள் போகட்டும், பிறகு பார்க்கலாம்.

நீ ஆசைப்பட்ட வேலைதானே? ஆகஸ்ட் முதல் தேதிக்குள் ஒரு வரி எழுது. வீட்டு விலாசத்துக்கே எழுது. ஷிபானி பிரிக்கமாட்டாள்.

பரிமல்


ராணாகாட்
31 ஜூலை 1988, ஞாயிறு

அண்ணாவுக்கு,

உனக்குப் பதவி கிடைத்ததில் அம்மாவுக்கு மிகுந்த சந்தோஷம். சந்தேஷ் மிட்டாய் வாங்கி வரச் சொல்லி, சந்தியா அக்கா வீடு உட்பட நாலு வீட்டுக்குக் கொடுத்தாள்.

நீ எழுதிய பத்தியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே, "போதும். பிள்ளைக்கு உடம்பு நெசமாவே சரியில்ல போலருக்கு" என்றாள். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, தகரப்பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் கையெழுத்தில் இருந்த பழைய தாள்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். பார்வை போன கண்ணுக்கு அதில் என்ன தெரிந்திருக்கும்? பிறகு சொன்னாள்: "இதெல்லாம் யார்கிட்டயும் சொல்லாத மினு. அவன் பிள்ளகுட்டிக்காரன். ஒனக்கென்ன, ஒண்டிக்கட்டை." இவ்வளவுதான் சொன்னாள். நான் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சோறு போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

உன் கடிதம் வந்து ஆறு நாளாக யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். பெரிய டீச்சரிடம் போய் ராஜினாமாவுக்கு எத்தனை நாள் முன்னால் எழுத வேண்டும் என்று கேட்டேன். பருத்திச் சேலை இரண்டைக் கஞ்சி போட்டு வைத்தேன். பக்கத்து மேசை, என் பெயரில் செய்தி, பெண்கள் ஆட்டத்துக்கு ஒரு பக்கம், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தப் பக்கத்துக்கு முதல் இதழில் யாரை எழுதலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு வியாழக்கிழமை வரும். நீ பக்கத்து மேசையிலிருந்து கையை நீட்டுவாய். நான் என் காலை வெட்டிவிட்டு நாலு தாளைக் கொடுப்பேன். இங்கே இருந்துகொண்டு செய்தால் தபால்காரருக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளலாம். அங்கே உன் முகத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நிஷித் பாபு எதிரே வந்து, "தங்கச்சி தேறிட்டாங்களே" என்பார். நீ சிரிப்பாய்.

வரமாட்டேன்.

பத்தியும் இனி வராது. வார இதழுக்கும் வராது, லோகமித்ராவுக்கும் வராது. உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், அந்தப் பயம் உனக்கு வேண்டாம். யாருக்கும் எழுத மாட்டேன், யாரிடமும் போக மாட்டேன். குளத்தில் நீ முங்கியதற்காக அல்ல. அந்தக் கணக்கு எப்போதோ தீர்ந்தது. நீ எழுதாத நானூறு பத்திக்கும் என் பெயர் கேட்டால், நான் தலையாட்டிய அந்த ஒரு தடவைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எழுதுவேன். எங்கே, எதில், இன்னும் தெரியவில்லை. நேற்று உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அதுவும் உன் எழுத்து மாதிரியேதான் இருந்தது. அச்சில் வந்தால் படிக்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். என் காலத்துக்கும் சொல்வார்கள். நீ எனக்கு மிச்சம் வைத்திருப்பது அதுதான், அண்ணா.

அம்மாவைப் பார்க்க வருவதாக இருந்தால் வார நாளில் வா, நான் பள்ளியில் இருப்பேன்.

வருகிற சனிக்கிழமை பெரிய ஆட்டம். மைதானத்துக்கு வருவேன். எப்போதும் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு கிழக்குக் கேலரியில் நிற்பேன். பத்திரிகையாளர் பகுதியிலிருந்து பார்த்தால் தெரியும். என்னைப் பார்த்தால் கை அசைக்காதே. பக்கத்தில் இருப்பவர், யார் அது என்று கேட்பார். நீ மறுபடியும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படிக்கு
பூரபி குஹா